கண்ணைக் கட்டுவதா, பொத்துவதா, மூடுவதா?

தக்கலைப் பக்கத்து இளைஞர் மன்றம் ஒன்றின் விளையாட்டு விழா நோட்டீஸுக்காக வந்த கேள்வி இது: ‘பிளைண்ட்ஃபோல்ட்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது? கண்கட்டி, கண்கட்டு, கண்பொத்தி, கண்மூடி, கண்மறைப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை அச்சடிப்பது? கூடவே இன்னொன்று: நம்ம ஊரில் ‘கண்ணக் கெட்டி’ என்று சொல்வது தப்பா?

முதலில் நேரான பதில். நோட்டீஸில் ‘கண்ணைக் கட்டிப் பானை உடைத்தல்’ என்று போடுங்கள். ‘கட்டி’க்குப் பிறகு ‘ப்’ வரவேண்டும். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். துணிக்குப் பெயர் வேண்டுமென்றால் ‘கண்கட்டுத் துணி’. ‘கண்ணக் கெட்டி’ என்று பேசுவது தப்பே இல்லை. ஆனால் அப்படியே அச்சில் போட்டால் நாகர்கோவிலைத் தாண்டியவர் வேறு பொருளில் படிப்பார். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதே, தமிழிலும் ஒன்று இருக்குமே என்று பெயர்ச்சொல்லைத் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. தமிழ் இந்த வேலையை வினைச்சொல்லிடம் விட்டிருக்கிறது. எது கண்ணை மறைக்கிறது, இமையா, கையா, துணியா, குறுக்கே நிற்கும் ஒரு பொருளா? அதைப் பார்த்து வினை மாறும்.

இமையால் மறைப்பது மூடுதல். ‘கண்ண மூடு’ என்றால் யாரும் துணியைத் தேடமாட்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ற பழமொழியில் ‘மூடு’ வருவது, அது பூனையின் சொந்தச் செயல், இமையின் செயல் என்பதால்தான். அந்த இடத்தில் ‘பூனை கண்ணைக் கட்டிக்கொண்டால்’ என்று போட்டுப் பாருங்கள், பழமொழியே செத்துவிடும். ‘மூடு’வுக்கு இன்னும் இரண்டு கிளைகள் உண்டு. ‘கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டான்’ என்றால் யோசிக்காமல் போட்டான். ‘தாத்தா கண்ணை மூடிட்டாரு’ என்றால் இறந்துவிட்டார். இந்த இரண்டாவது பொருள் இருப்பதால், வயதானவர்கள் கலந்துகொள்ளும் விளையாட்டுக்கு நோட்டீஸ் எழுதும்போது ‘பெரியவர்கள் கண்ணை மூடி’ என்று தொடங்கும் வரியைத் தவிர்ப்பது மரியாதை.

கையால் மறைப்பது பொத்துதல். கண்ணை மட்டுமல்ல, வாயையும் காதையும் மூக்கையும் பொத்தலாம். உடம்பில் திறந்திருக்கும் ஓர் இடத்தின்மேல் உள்ளங்கையைக் குவித்து வைக்கும் செயல் அது. காந்தியின் மூன்று குரங்குகளில் ஒன்று கண்ணைப் பொத்தியிருக்கிறது, கட்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து வந்து ஒருவர் கண்ணை மறைத்து ‘யாரு, சொல்லு’ என்று கேட்பதும் பொத்துதல்தான். ஒளிந்து விளையாடும்போது ‘எலே, கண்ணப் பொத்திட்டு ஒண்ணுல இருந்து இருபது வர எண்ணு’ என்று சொல்லும் பிள்ளைக்கு இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல் தானாக இடத்தில் வந்து உட்காருகிறது. களியக்காவிளைக்கு அப்பால் மலையாளத்தில் அந்த விளையாட்டுக்கே ‘கண்ணுபொத்திக்களி’ என்றுதான் பெயர். பொத்து என்ற வினை இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து. மற்றத் தமிழ்ப் பகுதிகளில் கண்ணாமூச்சி, கண்ணாம்பூச்சி, கண்ணாரம்பூச்சி என்று பல உருவங்களில் வழங்கும் விளையாட்டும் கண்ணைப் பொத்துவதில்தான் தொடங்குகிறது. துணி கட்டி ஆடுவது அதில் ஒரு வகை.

பொத்துதலுக்குப் பழைய இலக்கியச் சொல் புதைத்தல். இன்றைக்குப் புதை என்றால் மண்ணுக்குள் வைப்பது என்ற பொருள்தான் முதலில் வரும். அன்று அது மறைப்பதற்கான பொதுச் சொல். தலைவனைப் பார்த்த நாணத்தில் தலைவி தன் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்வதை அகப்பொருளில், அதாவது காதலைப் பாடும் இலக்கியத்தில், ‘நாணிக் கண்புதைத்தல்’ என்ற துறையாகவே (பாடுவதற்கான ஒரு சூழலாகவே) வைத்திருக்கிறார்கள். இந்த ஒரே துறையை எடுத்துக்கொண்டு அமிர்த கவிராயர், இராமநாதபுரம் இரகுநாத சேதுபதியின் மேல் 400 பாடல் பாடியிருக்கிறார். அதனாலேயே அந்த நூலுக்கு ஒருதுறைக் கோவை என்று பெயர். கண்ணை மறைக்கும் ஒரு கையசைவுக்கு நானூறு பாட்டு கொடுத்த மொழியில் ‘இதற்குச் சொல் இல்லையே’ என்று யாரும் வருந்தவேண்டாம். மாணவர்களுக்கு ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பழைய பாடலில் ‘கண் புதைத்தாள்’ என்று வந்தால் அங்கே துணியும் இல்லை, மண்ணும் இல்லை, கைதான்.

துணியால் மறைப்பது கட்டுதல். கேள்வியில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு நேரானது இதுதான். கைக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. கை கொஞ்ச நேரம் மறைக்கும். துணி, அவிழ்க்கும்வரை மறைக்கும். புராணங்களிலும் இந்தப் பிரிப்பு துல்லியமாக இருக்கிறது. விளையாட்டாகச் சிவனுடைய கண்ணைப் பார்வதி பொத்தினாள், உலகம் இருண்டது என்பது கதை. அது ஒரு நொடி வேலை, அதனால் பொத்தினாள். காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க வேண்டும் என்பதால் கட்டு. ‘கட்டிக்கொண்டாள்’ என்பதில் ‘கொள்’ சேர்ந்திருப்பதையும் கவனியுங்கள். தனக்குத் தானே செய்ததை அது சொல்கிறது. ‘காந்தாரி கண்ணைக் கட்டினாள்’ என்று எழுதினால் யாருடைய கண்ணை என்று கேள்வி வரும். போட்டி விதியிலும் இது வேண்டும்: ‘போட்டியாளர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்’ என்றால் அவரே கட்டலாம், ‘போட்டியாளரின் கண்ணை நடுவர் கட்டுவார்’ என்றால் அவர் கட்டக் கூடாது. சண்டை வராமல் இருக்க இரண்டாவதையே எழுதுங்கள்.

கண்ணுக்கும் காட்சிக்கும் நடுவில் ஏதாவது வந்து நிற்பது மறைத்தல். ‘தூண் மறைக்கு, சாமி தெரியல்ல’ என்பதில் கண்ணில் எதுவும் ஒட்டவில்லை. கண்மறைப்பு என்ற சொல் இந்த வினையிலிருந்து வருவது. வார்ப்பட்டையும் பஞ்சும் வைத்துத் தைத்த கருவிகளுக்கு அது பொருந்தும். மூலையில் கிடக்கும் துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்து முடிச்சுப் போடும்போது அது கட்டுதல்தான், அங்கே ‘கண்மறைப்பு’ என்பது கனமான சொல்.

அடுத்து வேற்றுமை உருபு. தமிழில் இந்தச் சொற்களின் பொருள் ஓர் எழுத்தில் புரளும், பிழை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. ‘கண்ணைக் கட்டினார்கள்’ என்றால் பார்க்கவிடாமல் துணி கட்டினார்கள். ‘கண்ணில் கட்டு போட்டார்கள்’ என்றால் மருத்துவமனையில் மருந்து வைத்துக் கட்டினார்கள். புரை அறுவை முடிந்து வந்தவரைப் பற்றிச் சொல்வது இது. ‘ஐ’ இருந்தால் பார்வையைத் தடுப்பது. ‘இல்’ இருந்து ‘கட்டு’ பெயராக நின்றால் சிகிச்சை. ‘கண்ணில் கறுப்புத் துணி கட்டி ஆர்ப்பாட்டம்’ என்று செய்தித்தாள் எழுதுவதும் சரிதான், ஏனென்றால் அங்கே கட்டப்படும் பொருள் துணி, கண் அது இருக்கும் இடம். ‘துணி’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘கண்ணில் கட்டி ஆர்ப்பாட்டம்’ என்று தலைப்பைச் சுருக்கினால்தான் விபரீதம்.

விபரீதம் என்று சொல்லக் காரணம், கண்கட்டி என்பது ஒரு நோய்க்குப் பெயர். இமை ஓரத்தில் சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கும் சிறு கொப்புளம் அது. (வந்துவிட்டால் பிதுக்கக் கூடாது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம்போல, ஒரு நாளில் மூன்று நான்கு முறை வைத்தால் பெரும்பாலும் அமுங்கிவிடும்.) ஆகவே ‘கண்கட்டி பானை உடைத்தல்’ என்று ஐ உருபும் இல்லாமல், ஒற்றும் இல்லாமல் அச்சடித்தால், ‘கண்கட்டி’ பெயர்ச்சொல்லாக நின்று நோயைக் காட்டும். ‘கண்ணைக் கட்டி’ என்று பிரித்து ஐயைப் போட்டுவிட்டால் அது வினையாகிவிடும், சந்தேகம் தீர்ந்தது. ஒரே ஒரு ‘ஐ’ செய்யும் வேலை இது.

இன்னொரு வகை ‘கண்ணக் கட்டுது’. பசியிலும் வெயிலிலும் தலை சுற்றிப் பார்வை இருட்டும்போது சொல்வது. இங்கே கட்டுகிற ஆள் கிடையாது, எழுவாய் இல்லாத வாக்கியம். ‘எனக்குக் கண்ணக் கட்டுது’ என்று நான்காம் வேற்றுமையில் ஆள் வருவான். பசிக்குது, குளிருது, வலிக்குது என்பவற்றோடு சேர்ந்த அமைப்பு. வெளியூர்க்காரருக்கு மொழி சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துவிடாதீர்கள். கற்பவர் மருத்துவரிடம் போய் ‘என் கண்ணைக் கட்டினார்கள்’ என்று சொல்லிவிடுவார்.

இனி ‘கெட்டு’. குமரி மாவட்டப் பேச்சில் கட்டு என்ற வினையின் முதல் உயிர் எகரமாகும். தாலி கெட்டு, வீடு கெட்டினான், ஆட்ட மரத்துல கெட்டு, முண்டு கெட்டிட்டு வா. நாஞ்சில் நாட்டிலும் கேட்கலாம், கல்குளம் விளவங்கோட்டுப் பக்கம் இன்னும் உறுதியாகக் கேட்கலாம். மலையாளத்திலும் கெட்டுக என்பதே வினை. ஆகவே ‘கண்ணக் கெட்டி விட்டாங்க’ என்பது வழக்கு. கொச்சை என்று ஒதுக்க அதில் ஒன்றும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பொதுத் தமிழில் ‘கெட்டு’ என்பது ‘கெடு’ என்ற வேறொரு வினையின் எச்சம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிறோமே, அந்தக் கெடு. பார்வை போவதும் கண்ணில் துணி கட்டுவதும் ஒரே ஒலியில் வந்து நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் பேசுகிறவர்கள் ஒருநாளும் குழம்புவதில்லை. காரணத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். கட்டுவதற்கான கெட்டு: கெட்டினான், கெட்டி, கெட்டிய, கெட்டுவான். வீணாவதற்கான கெடு: கெட்டான், கெட்டு, கெட்ட, கெடுவான். இறந்தகாலத்தில் ஒன்றில் ‘இன்’ வருகிறது, மற்றதில் வரவில்லை. எச்சத்தில் ஒன்று இகரத்தில் முடிகிறது, மற்றது உகரத்தில். ‘கெட்டிய கண்ணு’ துணி கட்டிய கண்; ‘கெட்ட கண்ணு’ பார்வை போன கண், அல்லது கண்ணேறு போடும் கண். இதற்கு மேல், கட்டுவது செயப்படுபொருள் குன்றாத வினை, ஆகவே ‘கண்ண’ என்று ஐ உருபின் சாயல் ஒட்டி வரும். கெடுவது அப்படியல்ல, ஆகவே ‘கண்ணு கெட்டுப் போச்சு’ என்று எழுவாயாக நிற்கும். கண்ண, கண்ணு. இந்த ஓர் உயிரில் ஊர் முழுக்கத் தெளிவாகப் பேசிக்கொள்கிறது. இதனோடு ‘உறுதியான’ என்ற பொருளில் ஒரு ‘கெட்டி’யும் இருப்பதால் ‘மக்கா, கெட்டியாக் கெட்டு’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். இறுக்கமாகக் கட்டு என்று பொருள். நல்ல வாக்கியம் அது. விழா மைக்கில் தாராளமாகச் சொல்லுங்கள். அச்சில் மட்டும் ‘கட்டு’, ஏனென்றால் தாளுக்குக் குரல் கிடையாது, படிக்கிறவர் எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது.

புணர்ச்சி தெரிந்த ஒருவர் கேட்கக்கூடும்: மண் + குடம் மட்குடம் ஆகிறதே, கண் + கட்டு ‘கட்கட்டு’ ஆகவேண்டாமா? விதிப்படி வேற்றுமையில் ணகரம் டகரமாகும், உண்மை. கட்புலன், பாம்பைக் குறிக்கும் கட்செவி ஆகியவை அப்படி வந்தவை. ஆனால் கண்கட்டு, கண்பட்டை, கண்கட்டி எல்லாம் பேச்சிலிருந்து ஏறி வந்த சொற்கள். அவற்றை இழுத்துப் பிடித்துப் புணர்த்தினால் யாருக்கும் புரியாது. விட்டுவிடுங்கள்.

கண்கட்டு என்ற பெயர்ச்சொல் தனியாக நின்றால் வித்தைப் பக்கம் சாயும். கண்கட்டு வித்தை என்பதைப் பலர், வித்தைக்காரர் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு செய்வது என்று நினைக்கிறார்கள்; ஆங்கிலத்துக்கு அப்படியே மொழிபெயர்த்ததையும் பார்க்கலாம். அது தவறு. கட்டப்படுவது பார்க்கிறவருடைய கண். விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனாலும் நம் கண் கட்டுண்டு கிடக்கிறது, அதனால் இல்லாததைக் காண்கிறோம் என்பது உள்ளே இருக்கும் கருத்து. மலையாளத்தின் கண்கெட்டும் இதே பொருள்தான். துணியே இல்லாத கட்டு. அரசியல் மேடையில் ‘இது வெறும் கண்கட்டு வித்தை’ என்று கணக்கறிக்கையைச் சாடும்போது இந்தப் பொருளே வருகிறது. ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல’ என்பது வேறு. அதில் ஏமாற்று இல்லை, திக்குத் தெரியாத தவிப்புதான் இருக்கிறது. புது அலுவலகத்தில் முதல் நாள் நிற்பவருக்குச் சொல்லலாம். ஏமாற்றைச் சொல்லவேண்டுமென்றால் ‘கண்ணில் மண்ணைத் தூவினான்’.

ஆங்கிலத்திலும் இதே நகர்வு நடந்திருக்கிறது என்பது இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். ‘ஹூட்விங்க்’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் தலைமூடியால் கண்ணை மறைப்பதையே குறித்தது. ‘விங்க்’ என்பதற்கு அக்காலத்தில் கண்ணை மூடுதல் என்ற பொருள் இருந்தது. பிறகுதான் ஏமாற்றுவது என்ற பொருள் வந்து, இன்று அது மட்டுமே நிற்கிறது. ‘பிளைண்ட்ஃபோல்ட்’ என்பதில் உள்ள ‘ஃபோல்ட்’ துணியை மடிப்பது அல்ல. குருடாகும்படி அடித்து வீழ்த்து என்ற பொருள் தந்த பழைய வினையில் இருந்த ‘ஃபெல்’ அது. மடிப்பு என்று மக்கள் பின்னாளில் நினைத்துக்கொண்டதால் எழுத்தும் அப்படி மாறியது. ஆகவே ‘மடிப்பு’ என்பதை வைத்துத் தமிழில் புதுச்சொல் செய்ய முயல்வது மூலத்துக்கும் பொருந்தாது.

விலங்குகளுக்கு வருவோம். செக்கில் சுற்றும் மாட்டுக்குக் கண்ணைக் கட்டுவார்கள். ஒரே வட்டத்தில் மணிக்கணக்கில் சுற்றும்போது தலை சுற்றாமலிருக்க, பக்கத்தில் கிடக்கும் புண்ணாக்கில் வாய் வைக்காமலிருக்க, ஆட்டுகிறவர் நகர்ந்ததைப் பார்த்து நின்றுவிடாமலிருக்க என்று காரணம் சொல்வார்கள். கொப்பரையும் எள்ளும் ஆட்டிய செக்குகளின் இடத்தில் இன்று மின்சாரச் செக்கு ஓடுகிறது. ‘செக்கு மாடுபோலச் சுற்றுகிறான்’ மட்டும் மொழியில் தங்கிவிட்டது.

குதிரைக்கு இரண்டு கண்ணோரத்திலும் வைக்கும் தோல் தட்டையின் பெயர் கண்பட்டை. முன்னால் தெரியும், பக்கம் தெரியாது. இதைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘கடிவாளம் கட்டிய குதிரைபோல நேராகவே பார்க்கிறான்’ என்று எழுதுவது மிகவும் பரவிவிட்டது. கடிவாளம் வாயில் இருப்பது. கடிக்கும் இரும்பும் அதோடு சேர்ந்த வாரும் சேர்ந்தது. அது குதிரையை நிறுத்தவும் திருப்பவும் உதவும், பார்வையை ஒன்றும் செய்யாது. அடக்கம், கட்டுப்பாடு என்று சொல்லக் கடிவாளம்; பக்கம் பார்க்காத ஒரே நோக்கு என்று சொல்லக் கண்பட்டை. எழுதுகிறவர்கள் இதையாவது திருத்திக்கொண்டால் நல்லது.

இப்போது உங்கள் விழாவுக்கு. சொல் சரியாக இருந்து கட்டு தளர்ந்தால் பயனில்லை, எனவே கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

கைக்குட்டை போதாது. ஆண்கள் வைத்திருக்கும் பெரிய கைக்குட்டை 45 செ.மீ. சதுரம் என்று வைத்தால், மூலைக்கு மூலை மடித்தாலும் 63 செ.மீ.தான் கிடைக்கும். வளர்ந்தவரின் தலைச் சுற்றளவு சுமார் 55 செ.மீ. முடிச்சுக்கு இரண்டு பக்கமும் நான்கு செ.மீ. மிஞ்சும், அது இரண்டு எட்டு நடப்பதற்குள் அவிழும். துவர்த்துதான் சரி. ஆனால் மெல்லிய துவர்த்து ஒற்றையாக இருந்தால் நெசவின் இடைவெளி வழியே வெயிலில் எல்லாம் தெரியும். மடித்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராத மடிப்பு வரும்வரை மடிக்கவேண்டும், வழக்கமாக நான்கு மடிப்பு. அகலம் எட்டிலிருந்து பத்து செ.மீ., அதாவது புருவத்துக்கு மேல் தொடங்கிக் கன்ன எலும்பு வரை இறங்கவேண்டும்.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் மூக்கு ஓரத்தில். மூக்குத்தண்டு துணியைத் தூக்கிப் பிடிப்பதால் இரண்டு பக்கமும் முக்கோணமாக இடைவெளி விழும். அதன் வழியே கீழே பார்த்தால் தன் காலும் தரையும் தெரியும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் கோட்டைப் பிடித்தே பானைவரை போய்விடலாம். தலையைப் பின்னால் சாய்த்து நடக்கிறவரைக் கவனியுங்கள், அவர் அந்த வழியாகத்தான் பார்க்கிறார். சுத்தமான பஞ்சை விரல் பருமனில் உருட்டி மூக்கின் இரு பக்கமும் வைத்து, அதன்மேல் துணியைக் கட்டினால் அடையும். தலைவழியே சாக்கோ பையோ மாட்டிவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மூச்சு முட்டும்.

கட்டும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லுங்கள். திறந்த கண்ணின்மேல் துணி உரசினால் கருவிழி கீறும், இமைமுடி மடங்கும். முடிச்சு பின்மண்டைப் புடைப்புக்குச் சற்று மேலே வரவேண்டும். கீழே வந்தால் கழுத்துக்கு வழுக்கும், காதின்மேல் வந்தால் வலித்து அவரே தூக்கிவிடுவார். நெற்றியோரம் துணிக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவுதான் இறுக்கம். ‘கெட்டியாக் கெட்டு’ என்று கூட்டம் கத்தினாலும் அதற்கு மேல் இறுக்காதீர்கள். விழி அழுந்தினால் நாடித்துடிப்பு குறையும், மயக்கமும் குமட்டலும் வரும், அப்போது உண்மையிலேயே கண்ணைக் கட்டும். இன்னொன்று முக்கியம்: ஒரே துணியை எல்லாருக்கும் கட்டாதீர்கள். மெட்ராஸ் ஐ பரவ அதைவிட எளிய வழி கிடையாது. ஆளுக்கு ஒரு துவர்த்து, அல்லது ஒவ்வொருவருக்கும் புதுப் பஞ்சும் உள்ளே ஒரு சுத்தத் துணியும்.

சுற்றிவிடுவது மூன்று சுற்று போதும். நின்ற பிறகும் உட்காதிலிருக்கும் திரவம் ஓடிக்கொண்டே இருப்பதால், எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் உடம்புக்குத் தோன்றும். உடனே நடக்கவிட்டால் சாய்வார். ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். கண் தெரியாமல் நடக்கும்போது நேராகப் போகிறோம் என்று நினைத்தபடியே எல்லாரும் ஒரு பக்கம் வளைவார்கள், பதினைந்து எட்டுக்குள் நன்றாகவே விலகிவிடுவார்கள். கம்பு வீச்சு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது, ஆகவே பானையைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஐந்து மீட்டருக்கு வெளியேதான் கயிறு. பிள்ளைகளுக்குக் கம்பு இல்லாத விளையாட்டு நல்லது, யானைக்குக் கண் வைத்தல்போல. அங்கேயும் ‘கண்ணைக் கட்டி யானைக்குக் கண் வைத்தல்’ என்று முழுசாக எழுதுங்கள். எழுதாவிட்டால் எது யாருடைய கண் என்று சின்னப்பிள்ளை கேட்கும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் மொழிபெயர்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சில இடங்கள் உண்டு. நீதிதேவதையைக் ‘கண்கட்டிய நீதிதேவதை’ என்பது நிலைத்த வழக்கு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகத்தில் உள்ள புதிய சிலை பேசப்பட்டபோது, ‘கண்கட்டு அவிழ்ந்த’ என்று எழுதியவர்களும் ‘கண்கட்டு இல்லாத’ என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டாவதே சரி. ஒரு கையில் தராசும் மறுகையில் வாளுக்குப் பதில் அரசியலமைப்புப் புத்தகமுமாக அந்தச் சிலையைத் திறந்த கண்ணோடுதான் வடித்தார்கள். அவிழ்ப்பதற்கு அங்கே கட்டே இருந்ததில்லை. பார்வையற்றோர் கால்பந்தில் கோல்காவலரைத் தவிர மற்ற நால்வரும் அணிவது கண்மறைப்பு. கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவரும் முற்றிலும் தெரியாதவரும் சமமாக ஆடவேண்டும் என்பதற்காக அது. அங்கே ‘கண்ணைக் கட்டி விளையாடுகிறார்கள்’ என்று எழுதினால் வேடிக்கை விளையாட்டுபோல ஒலிக்கும், அந்த வீரர்களுக்கு அது தகாது. பலகையைப் பார்க்காமல் ஆடும் சதுரங்கத்தில் பெரும்பாலும் யாருக்கும் கண்ணைக் கட்டுவதில்லை, ஆகவே ‘பலகை பாராச் சதுரங்கம்’ என்பது ‘கண்கட்டுச் சதுரங்க’த்தைவிடச் சரியாக இருக்கும். பேருந்திலும் ரயிலிலும் தூங்கப் போட்டுக்கொள்ளும் பட்டையைக் கடையில் ‘ஐ மாஸ்க்’ என்றுதான் கேட்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்; அதை ‘மாட்டிக்கொள்கிறோம்’, கட்டிக்கொள்வதில்லை.

நோட்டீஸில் இடம் குறைவாக இருந்தால் ‘பானை உடைத்தல் (கண்ணைக் கட்டி)’ என்றும் போடலாம். விதிகளில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ‘கண்ணைக் கட்டிய பின் துணியைக் கையால் தொடுபவர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்.’ அச்சகத்திலிருந்து சரிபார்க்க வரும் படியில் ‘கண்ணைக்’ என்பதிலுள்ள ‘க்’ விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், தட்டச்சில் முதலில் தொலைவது அதுதான்.